மஞ்சள் சட்டைகளின் கடைசிக் குளிர்காலம்

போன சனிக்கிழமை மகளின் பள்ளிக்கூட உள்ளரங்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒக்லாந்தின் தெற்கு ஓரத்துத் தகனினியில் வீடுகள் முளைக்கிற வேகத்துக்குப் பள்ளிக்கூடக் கட்டடங்களும் முளைக்கின்றன. அந்த அரங்கத்தில் பெயின்ட் மணம் இன்னும் போகவில்லை. அதற்குள்ளே திடீரென்று வேறொரு மணம் வந்தது. மகளின் கூடைப்பந்து அணியில் ஒரு பிள்ளை ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலில் நோவுக் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கரிக்கிற, மூக்கில் குளிரும் சூடும் ஒன்றாக ஏறுகிற அந்த மணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பயிற்சியாளர், "யாராவது ஸ்கோர் போட வாறீங்களா?" என்று பெற்றோரைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். யோசிக்க முன்னமே என் கை மேலே போய்விட்டது.

மகள் ஓடி வந்தாள். "அம்மா, நோ! இட்ஸ் ஆன் ஆப். யூ ஜஸ்ட் டாப் த ஸ்க்ரீன்."

கையை இறக்கிக்கொண்டேன். வேறொரு அம்மா பலகை போன்ற ஒரு சாதனத்தை மடியில் வைத்து விரலால் தட்டத் தொடங்கினார். ஆட்டம் தொடங்கியதும், வேறு அரங்கம், வேறு வாங்கு, மஞ்சள் சட்டைகள் என்று என் மனம் தன்பாட்டில் போய்விட்டது.

இந்த நூற்றாண்டு பிறக்கச் சற்று முன்னைய காலம். நான் நியூசிலாந்துக்கு, இந்த ஒக்லாந்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பென்ரோஸ் பகுதியில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. கூரை தகரம், தரை கொங்கிறீட். குளிர்காலத்தில் இரண்டும் சேர்ந்து மனிதரை ஐஸ்பெட்டி மீனாக்கும். அங்கே சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவன் சியோனே. தொங்கா நாட்டுக்காரன். ஆறரை அடி உயரம். அந்தச் சின்ன வண்டிக்குள் அவன் மடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அலுமாரியை மேசை லாச்சிக்குள் வைத்த மாதிரி இருக்கும். காலையில் வண்டியைக் கிளப்பும்போதே தேவாலயப் பாட்டு ஒன்றையும் கிளப்பிவிடுவான். அவன் வருவதை ஹோர்ன் சத்தத்தில் அல்ல, பாட்டில்தான் அறிவோம்.

அவன் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் தலைவன் என்பதை நான் மூன்று மாதம் கழித்துத்தான் அறிந்தேன். தொழில்முறை என்று பெயர்தான். முழுநேரமும் பந்தோடு வாழ்ந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு பேர் மட்டும். மற்றவர்கள் பகலில் கூரை போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள், சியோனேயைப் போலப் பெட்டி தூக்கினார்கள். மாலையில் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு நாட்டின் பெரிய லீக்கில் ஆடினார்கள். சியோனேக்கு அப்போது முப்பத்தைந்து. முழங்கால் இரண்டும் போய்விட்டன. களஞ்சியத்தில் அவன் பக்கத்தால் போனாலே அந்தக் களிம்பு மணக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் புலம்பிக்கொண்டிருந்தான். அணிக்கு ஸ்கோர் எழுதிய பெண் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாளாம். யாருக்காவது ஸ்கோர் தாள் எழுதத் தெரியுமா என்று கேட்டான். வாயில் புட்டு. அதை விழுங்கியும் விழுங்காமலும், "ஐ நோ" என்றேன்.

"நோ?" என்றான்.

"நோ, நோ. ஐ நோ!"

என் ஆங்கிலம் அப்போது அந்த அளவுதான். அறையே சிரித்தது. பிறகு ஒரு கடதாசியில் கட்டங்கள் கீறிக் காட்டினேன். சியோனே சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடதாசியை உற்றுப் பார்த்தான்.

யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். ஆனால் என் உயரத்தைக் கண்ட முதல் நாளே பந்தைத் தராமல் பேனையைத் தந்துவிட்டார்கள். அதனால் ஐந்து வருஷம் மேசையில் இருந்து ஸ்கோர் எழுதினேன். ஒன்றிலிருந்து தொடங்கும் எண்வரிசை. ஒரு புள்ளி விழுந்தால் ஒரு எண்ணைக் கோடு போட்டு வெட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சுவரில் மின்னுகிற பெரிய பலகை என்ன காட்டினாலும், சட்டப்படி நிற்பது அந்தத் தாள்தான். நடுவர் கையெழுத்திட்டால் முடிந்தது. நாலடி பத்தங்குலப் பெண் ஒருத்திக்கு உலகத்தில் வேறெங்கே இவ்வளவு அதிகாரம் கிடைக்கும்?

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் இவர்தான் சனிக்கிழமைகளில் என்னைக் கொண்டுபோய் விட்டார். என் கணவரைச் சொல்கிறேன். மன்னாரில் கணித ஆசிரியராக இருந்தவர். இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் மாக் குழைத்தார். கல்யாணம் கட்டிய புதிதில் எவ்வளவு கதைத்த மனிதர்! இங்கே வந்தபிறகு வாடகை, வேலை, விசா என்று மூன்று விஷயம்தான் வாயில் வரும். அந்த மூன்றும் முடிந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னப்பா யோசிக்கிறியள்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். அந்த ஒன்றுமில்லையோடுதான் நான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

முதல் ஆட்டத்துக்கு அவர் உள்ளே வரவேயில்லை. வெளியே காருக்குள் இருந்து பேப்பர் வாசித்தார். இரண்டாவது ஆட்டத்தன்று ஆலங்கட்டி மழை. கார்க் கூரையில் கல் விழுகிற சத்தம் தாங்காமல் உள்ளே வந்து கடைசி வரிசையில் ஒதுங்கினார். மூன்றாவது ஆட்டத்தில் இரண்டாம் வரிசை. சியோனேயின் கையிலிருந்து பந்து நழுவி, இரண்டு பேர் அதை இழுத்துக்கொண்டிருந்த நேரம், அரங்கத்தின் எல்லாச் சத்தத்துக்கும் மேலாக ஒரு குரல் கேட்டது.

"விடாதை! விடாதை! பிடியடா!"

பேனை என் கையிலிருந்து விழப் பார்த்தது. திரும்பிப் பார்த்தால் இவர் எழுந்து நிற்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. வகுப்பறையில்கூட இப்படிக் கத்தியிருக்க மாட்டார். சியோனே பந்தை விடவில்லை.

அந்தப் பருவம் தோல்விகளோடுதான் தொடங்கியது. தொடர்ந்து ஐந்தோ ஆறோ ஆட்டங்கள். பிறகு குளிர் இறுக இறுக, ஏனென்று தெரியாது, மஞ்சள் சட்டைக்காரர் வெல்லத் தொடங்கினார்கள். இவரைச் சுற்றித் தொங்கா நாட்டு மாமிமார் ஒரு பட்டாளமாக உட்கார்ந்திருப்பார்கள்; பூப்போட்ட சட்டை, மடியில் போர்வை, கையில் பாணில் சுற்றிய சொசேஜ். அவர்கள் இவரிடம் 'விடாதை'க்கு அர்த்தம் கேட்டார்கள். "டோன்ட் லெட் கோ" என்றார். அடுத்த ஆட்டத்தில் மாமிமார் முழுப்பேரும் தரையை உதைத்து, "வி-டா-தை! வி-டா-தை!" என்றார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் அரைவாசி அரங்கம். எந்த மொழி என்று தெரியாமலே நூற்றுக்கணக்கான பேர் மன்னார்த் தமிழில் கத்தியதை நான் காதால் கேட்டேன் என்று சொன்னால், என் மகளே நம்புவதில்லை.

ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இவர் கதைப்பார். யார் எப்படி ஓடினான், எந்தக் கோணத்தில் எறிந்தால் பந்து விழும், பயிற்சியாளர் எங்கே பிழை விட்டார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காற்றில் முக்கோணம் கீறுவார். "றோட்டைப் பாருங்கோ" என்று நான் சொல்வேன். ஆனால் அவர் நிறுத்திவிடக்கூடாதே என்றும் இருக்கும். சனிக்கிழமைக் கதை மெல்ல ஞாயிற்றுக்கிழமைக்கும், பிறகு புதன்கிழமை வரைக்கும் நீண்டது. எனக்கு என் மனிதர் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தார். இதை நீங்கள் நினைவில் வைத்திருந்தால்தான் பிறகு நான் செய்தது விளங்கும்.

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் வந்தது. வென்றால் அரையிறுதி, தோற்றால் வீடு. அரங்கத்தில் நிற்க இடமில்லை. மேசையில் எனக்குப் பக்கத்தில் கொலின். முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டிய வெள்ளைக்காரக் கிழவர். மின்பலகைப் பொத்தானை அமத்துவது அவருடைய வேலை.

இரண்டாம் பாதியின் நடுப்பகுதி. எதிரணியின் தவறுக்காகச் சியோனேக்கு ஒரு தண்ட எறிதல் கிடைத்தது; விழுந்தால் ஒரு புள்ளி. எறிந்தான். பந்து வளையத்துக்குள் விழுந்தது. ஆனால் பந்து போய்ச் சேர முன்னமே அவனுடைய கால் பெருவிரல் கோட்டைத் தாண்டிவிட்டது. நடுவர் விசில் ஊதிக் கையை விசிறி, அந்தப் புள்ளி இல்லை என்று காட்டினார். அதே நேரம் கொலினின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி மேசைக்குக் கீழே விழுந்தது. பந்து விழுந்ததைக் கண்டு பொத்தானை அமத்திய மனிதர், நடுவரின் கையைக் காணாமல் கண்ணாடியைத் தேடக் குனிந்துவிட்டார்.

என் தாளில் கோடு இல்லை. நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். ஒரு புள்ளி கூடியிருந்தது.

இப்படி நடப்பது புதிதல்ல. "கொலின், ஒன்றைக் குறையுங்கள்" என்பேன், அவர் குறைப்பார். இரண்டு விநாடி வேலை. அன்று வாய் வரவில்லை. பின்னால் மாமிமார் தரையை உதைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இவருடைய குரல் தனியாகக் கேட்டது. அடுத்து ஆட்டம் நிற்கும்போது சொல்வோம் என்று நினைத்தேன். ஆட்டம் நின்றது. வீரர் மாறினார்கள், தாளில் எழுத வேண்டியிருந்தது. அடுத்த தடவை பார்ப்போம் என்றேன் எனக்குள். மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் மறக்கவில்லை.

கடைசி நிமிடங்களில் சியோனே ஐந்தாவது தவறு செய்து வெளியே போனான். சட்டம் அப்படி, ஐந்து என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். வாங்கில் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். பலகையில் நாங்கள் ஒரு புள்ளி முன்னே. எதிரணி கடைசியாக எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ஹோர்ன் அடித்தது.

கூட்டம் தரைக்குள் பாய்ந்தது. போர்வைகள் பறந்தன. இவரை இரண்டு மாமிமார் தூக்கிவிட்டார்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன், கால் நிலத்தில் இல்லை. கண்ணாடி சரிந்து, வாய் நிறையச் சிரிப்போடு, சனத்தின் தலைகளுக்கு மேலால் என்னைத் தேடினார்.

நான் தாளைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே எண். சமநிலை.

நடுவர் கையெழுத்திட மேசைக்கு வந்தார். பேனையை நீட்டினேன். நீட்டிய பேனையை அவர் பிடித்துவிட்டார், நான் விடவில்லை. எதிரணிக்குத் தெரியாது. கொலினுக்குத் தெரியாது. அவர் கையெழுத்து மட்டும் விழுந்துவிட்டால் ஒருவரும் ஒருபோதும் அறியப்போவதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"த போர்ட் இஸ் ரோங்," என்றேன்.

கூட்டத்தை வெளியேற்றக் கால் மணித்தியாலம் எடுத்தது. பயிற்சியாளர் மேசைக்கு ஓடி வந்தார். "எப்போது கண்டாய்?" என்று கேட்டார். "முதலே சொல்லியிருந்தால் கடைசி நிமிடத்தை வேறு மாதிரி ஆடியிருப்போமே. எப்போது கண்டாய்?"

"இப்போதுதான்," என்றேன்.

மேலதிகமாக ஐந்து நிமிடம் ஆடினார்கள். சியோனே இல்லாமல், ஒருமுறை வென்றுவிட்டு மறுபடி தரைக்கு வந்த கால்களோடு. அந்த ஐந்து நிமிடத்தை நான் எழுதியிருக்கிறேன், கோடு கோடாக. ஆனால் ஒரு எறிதலும் நினைவில் இல்லை. தோற்றார்கள். எதிரணிக்கும் நான் செய்தது அநியாயம்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. சமநிலையில் இருந்தவர்களை ஒரு புள்ளி பின்னால் நிற்பதாக எண்ணவைத்து ஓட விட்டிருக்கிறேன்.

காருக்குள் இவருடைய கை ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை. முக்கோணம் இல்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்ப கண்டனீர்?"

"ஆட்டம் முடியேக்கைதான்."

சாவியைக் கழற்றினார். பிறகு என் கையைத் தொட்டார். "அப்ப நீர் செய்தது சரி. அது லேசான வேலை இல்லை."

திங்கட்கிழமை பத்து மணித் தேநீருக்கு ஒருவரும் சாப்பாட்டு அறையில் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பாட்டுச் சத்தமும் கேட்கவில்லை. நான் தேடிப் போனேன். பெட்டி வரிசைகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்திருந்தான் சியோனே. அவன் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அது எனக்குள் தமிழாகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

"சியோனே, நான் முதலே கண்டனான்," என்றேன். "நீ எறிஞ்ச உடனேயே கண்டனான். எல்லாருக்கும் பொய் சொல்லிப்போட்டன்."

அவன் நிமிரவில்லை. "தெரியும் சிஸ்டா. நீ பலகையைப் பார்த்ததை நான் பார்த்தனான்."

"என்ன?"

"அது என்ரை எறிதல். என்ரை கால். அந்தப் புள்ளி இல்லையெண்டு என்னை விட ஆருக்குத் தெரியும்? பலகையில ஏறினதையும் கண்டன். நீ சொல்லப்போறாய் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். நீ சொல்லேல்லை. பிறகு வாங்கில இருந்து துவாய்க்குள்ள ஜெபம் பண்ணினன், நீ சொல்லக்கூடாதெண்டு." பெரிய உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். "என்ன மாதிரி ஒரு ஜெபம்! என்ரை அம்மா கேட்டிருந்தால் அடிச்சிருப்பா. நீ கடைசியிலயாவது சொன்னாய். நான் சொல்லவேயில்லை."

நான் அழுதேன். அவனும் அழுதான். பெட்டி ஏற்ற வந்த லொறிக்காரன் எங்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான். நாங்கள் ஒருவரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

அந்தக் கோடையிலேயே அணி கலைந்தது. பணம் கொடுத்து அணியைத் தாங்கிய டயர்க் கடைக்காரர் விலகிக்கொண்டார். அரையிறுதிக்குப் போயிருந்தால் இன்னொரு வருஷம் நின்றிருப்பார் என்று பயிற்சியாளர் சொன்னதாகக் கேள்வி. சொன்னாரோ, இல்லையோ, என் காதுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. கிழமைகளை எண்ணிக்கொண்டு காத்திருக்க இவருக்குச் சனிக்கிழமை இல்லாமல் போனது. திரும்பவும் சுவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவாரோ என்று நான் பயந்து பயந்து கவனித்தேன்.

அப்படி நடக்கவில்லை. கதைக்கத்தான் செய்தார். எதைக் கதைத்தார் தெரியுமா? என்னைப் பற்றி. பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, யாராவது புதிதாக வந்திருந்தால் போதும். "என்ரை மனுசி செய்த வேலை தெரியுமோ? சொந்த அணி வெண்டு, சனம் முழுக்க ஆடுது. இவ எழும்பி, இல்லை, பலகை பிழை எண்டவ. அந்த நிமிஷமே கண்டு, அந்த நிமிஷமே சொன்னவ!" தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், "நிஜமாவா? நம்மள்ல யாருங்க அப்படிச் சொல்லுவாங்க!" என்று வியந்தது. நான் ரோல்ஸ் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். எத்தனை நத்தார்ப் பண்டிகை, எத்தனை பிறந்தநாள். பிறகு இவருக்கு மனுகா என்கிற ஊரில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிற வேலை கிடைத்தது. அங்கேயும் வகுப்பில் இதைச் சொன்னாராம். எங்களுக்குப் பிந்திப் பிறந்த மகள் தமிழில் முழுதாகப் புரிந்துகொண்ட முதல் கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

எத்தனையோ தடவை உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். "இஞ்சாருங்கோ" என்று தொடங்குவேன். "என்னப்பா?" என்று அந்தச் சிரித்த முகத்தைத் திருப்புவார். "தேத்தண்ணி போடட்டோ?" என்று முடித்துவிடுவேன். அவர் என்னைப் பற்றி அவ்வளவு பெருமையாக நினைத்த இடத்தில், அந்த ஒரு புள்ளியைத் திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அரங்கம் இருந்த இடத்தில் இப்போது சனம் தங்கள் பழைய தளபாடங்களைப் பூட்டி வைக்கிற வாடகை அறைகள், வரிசை வரிசையாகச் செம்மஞ்சள் கதவுகள். களஞ்சியம் வேறு ஊருக்குப் போய்விட்டது. கொலின் எப்போதோ காலமாகிவிட்டார். மாமிமார் யார் யாரோ, எங்கெங்கோ. சியோனே, இங்கிருந்து போகிற எல்லாரையும் போல, பிரிஸ்பேனுக்குப் போனான். சில வருஷம் நத்தாருக்குப் பாடிய குரலோடு தொலைபேசி வரும், பிறகு வரவில்லை. நான் எடுத்தபோது அந்த இலக்கத்தில் வேறு யாரோ பேசினார்கள்.

இவர் கண்ணை மூடி இந்தக் குளிரோடு இரண்டு வருஷம். கோயில் மண்டபத்தில் புதிதாக வருகிற குடும்பங்களுக்கு நான் யாரென்று தெரியாது; தேநீர் ஊற்றுகிற ஒரு அம்மா. அந்தக் கதையை இப்போது ஒருவரும் சொல்வதில்லை. அவர் அதைப் பிழையாகச் சொல்வதை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் போல இருக்கிறது. அந்தத் தடவை தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் மறித்துத் திருத்தியிருப்பேன். கேட்டுவிட்டு அவர் என்னை எப்படிப் பார்த்திருப்பார் என்பது மட்டும், எவ்வளவு யோசித்தாலும், எனக்குப் பிடிபடுவதில்லை.